ஜெய்ப்பூர் சாம்ராட் யந்திரம் உண்மையிலேயே 2 விநாடி காட்டுமா?

2023 டிசம்பர் 9, மாலை (இழையைத் தொடங்கிய கேள்வி)

ஜெய்ப்பூரில் இருக்கும் பழைய வானாய்வுக்கூடமான ஜந்தர் மந்தர் போய்வந்தேன். பெரிய சாம்ராட் யந்திரம் 2 விநாடி வரை நேரம் காட்டும் என்று கைடு சொன்னார். கிட்டே போய்ப் பார்த்தால் நிழலுக்கு ஓரமே இல்லை, கையகலத்துக்கு மங்கலாகக் கிடக்கிறது. ஐரோப்பாவில் தொலைநோக்கி வந்து 100 வருடத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு ராஜா கல்லால் இவ்வளவு பெரிய சூரியக் கடிகாரம் கட்டியது வெறும் பெருமைக்குத்தானே?

2023 டிசம்பர் 9, இரவு

கைடு சொன்னது பொய்யில்லை. நிழல் விழும் கால்வட்ட அளவுகோலில் கீறியிருக்கும் மிகச் சிறிய கட்டம் 2 விநாடிதான். நீங்கள் பார்த்த மங்கலும் பொய்யில்லை. இரண்டும் ஒரே கல்லில் எப்படி என்பதுதான் பேசவேண்டிய விஷயம்.

நான் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டில் சூரியனைப் பிடித்துத் திசை கணக்குப் போட்ட பழக்கம் உண்டு. அதனால் ஜெய்ப்பூர் போனபோது என்னோடு வந்தவர்கள் எல்லா யந்திரத்தையும் சுற்றி முடிக்கும்வரை நான் இந்த ஒன்றின் அடியிலேயே நின்றிருந்தேன். விரிவாக எழுதவேண்டும், இன்று முடியாது.

தொலைநோக்கி பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைக் கட்டிய ராஜா சவாய் ஜெய்சிங்குக்கு (1688–1743) தொலைநோக்கி தெரியாது என்று நினைக்கவேண்டாம். அவர் சபையில் தயாரான வானியல் அட்டவணை நூல் ‘ஜீஜ்-இ முகம்மது ஷாஹி’. அதில் வெள்ளிக்கும் புதனுக்கும் பிறைபோல வளர்தல் தேய்தல் உண்டு, வியாழனைச் சுற்றி நான்கு ‘நட்சத்திரங்கள்’ ஓடுகின்றன, சூரியனில் புள்ளிகள் தெரிகின்றன என்றெல்லாம் வருகிறது. தொலைநோக்கியில் பார்க்காமல் இதை எழுத முடியாது. கையில் தொலைநோக்கி வைத்துக்கொண்டேதான் கல்லில் கட்டினார். ஏன் என்பது அடுத்த குறிப்பில்.

2023 டிசம்பர் 10

ஏன் கல் என்பதற்கு அந்த நூலின் முன்னுரையே பதில் சொல்கிறது. சமர்கண்டில் வானாய்வுக்கூடம் கட்டிய அரசர் உலுக் பேக் காலத்து முறைப்படி முதலில் பித்தளையில்தான் யந்திரங்கள் செய்தார்கள். அவை ஜெய்சிங்குக்குத் திருப்தி தரவில்லை. அவர் வைக்கும் குறைகள் இவை: அளவு சிறியது, ஒவ்வொரு கலையையும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) தனியாகப் பிரித்துக் கீற இடமில்லை. அச்சு தேய்ந்து ஆடுகிறது. வட்டத்தின் மையம் நகர்ந்துவிடுகிறது. தளம் சாய்ந்துவிடுகிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. கருவியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய ஆள் மட்டுமே எழுதக்கூடிய பட்டியல் இது. பழைய தியோடலைட்டை வைத்துக்கொண்டு நாங்கள் புலம்பியதும் இதே நான்கைத்தான். பெருமைக்குக் கட்டும் ராஜா, மையம் நகர்ந்ததைப் பற்றிக் கவலைப்படமாட்டார்.

ஆகவே அசையும் பாகமே இல்லாத, அச்சே இல்லாத யந்திரம் தேவைப்பட்டது. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டினார். சாம்ராட்டில் ஒரு கலை ஒன்றரை வாற்கோதுமை மணி அகலம் இருக்கும் என்று அதே முன்னுரை சொல்கிறது. கால்வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 15 மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு கலைக்கு 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. வாற்கோதுமைக் கணக்கு சரியாகவே இருக்கிறது.

2023 டிசம்பர் 10, சற்று நேரம் கழித்து

‘யாருக்காகக் கட்டினார், தனக்கா, டெல்லிக்கா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும்தான். டெல்லி யந்திரங்களின் வேலை 1724 வாக்கில் தொடங்கியது. அட்டவணை நூல் முகலாய அரசர் முகம்மது ஷாவின் பெயரில் வந்தது. கணக்கில் வரும் கிரகநிலையும் வானத்தில் தெரியும் கிரகநிலையும் ஒத்துப்போகவில்லை, பண்டிகை நாளும் பயண முகூர்த்தமும் தவறுகின்றன என்று ஜெய்சிங் அரசரிடம் சொல்ல, அவர் வேலையை ஒப்படைத்ததாக முன்னுரை. பஞ்சாங்கம் திருத்துவது அன்றைக்கு அரசாங்க வேலை. டெல்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா என்று ஐந்து இடம். மதுராவில் இருந்தது இப்போது இல்லை.

2023 டிசம்பர் 12

மங்கல் விஷயத்துக்கு வருகிறேன்.

அமைப்பு எளிது. நடுவில் ஒரு முக்கோணச் சுவர், 20 மீட்டருக்கு மேல் உயரம். அதன் சாய்வு விளிம்பு ஜெய்ப்பூரின் அட்சரேகையான 27 பாகையில் எழுந்து துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்கிறது. அதாவது பூமியின் அச்சுக்கு இணை. சுவருக்கு இரு பக்கமும் இறக்கை மாதிரி இரண்டு கால்வட்டங்கள். காலையில் நிழல் மேற்குக் கால்வட்டத்தின் உச்சியில் தொடங்கி இறங்கும். உச்சிப்பொழுதில் சுவரடிக்கு வரும். பிறகு கிழக்கே ஏறும். விளிம்பு அச்சுக்கு இணையாக இருப்பதால் நிழல் கோடையிலும் குளிரிலும் ஒரே வேகத்தில் நகர்கிறது, விநாடிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கண்ணெதிரே நகர்வதைப் பார்க்கலாம். எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனமே வரவில்லை.

ஆனால் சூரியன் புள்ளி அல்ல. வானத்தில் அரை பாகை அகலமுள்ள தட்டு. அதனால் எந்தச் சுவரின் நிழலுக்கும் ஒரு புறநிழல் உண்டு: தட்டில் பாதி மறைந்து பாதி தெரிகிற பட்டை. 15 மீட்டர் தூரத்தில் அந்தப் பட்டை 14 சென்டிமீட்டர் வரும். நேரக் கணக்கில் 2 நிமிடத்துக்கு மேல். நீங்கள் பார்த்த கையகல மங்கல் இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். யந்திரத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் கட்டங்கள் இரண்டு மடங்கு அகலமாகும், புறநிழலும் இரண்டு மடங்கு அகலமாகும். அரை பாகை அரை பாகையாகவே இருக்கும். ‘பெரிதாகக் கட்டினார், அதனால் துல்லியம்’ என்று பலகைகளிலும் கட்டுரைகளிலும் எழுதுகிறார்களே, அது பாதி உண்மைகூட இல்லை. பெரிதாகக் கட்டியதால் நுண்ணிய கட்டம் கீற இடம் கிடைத்தது, அவ்வளவுதான். மங்கலை வெல்ல வேறு உபாயம் வேண்டும்.

2023 டிசம்பர் 13

‘அப்படியென்றால் 2 விநாடிக் கட்டம் அலங்காரம்தானே’ என்று உடனே முடிவுக்கு வந்துவிட்டீர்கள். பொறுங்கள்.

2023 டிசம்பர் 17

உபாயம் ஒரு துண்டு நூல்.

நூலை விறைப்பாக இரு கையிலும் பிடித்து, சுவரின் சாய்வு விளிம்புக்கு இணையாக, அளவுகோலுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நீட்டவேண்டும். வெயில் பக்கத்தில் பிடித்தால் நூலின் நிழல் பேனாக்கோடு போலக் கறுப்பாக விழும். நூல் கல்லுக்கு மிக அருகில் இருப்பதால் அதன் நிழலில் மங்கல் கிட்டத்தட்ட இல்லை. இப்போது நூலை மெல்ல மங்கலுக்குள் நகர்த்துங்கள். சுற்றுமுற்றும் வெளிச்சம் குறையக் குறைய அந்தக் கோடு வெளிறிக்கொண்டே போகும். ஓரிடத்தில் சுவரின் நிழலோடு கலந்து காணாமல் போகும். அந்த இடத்தைப் படிக்கவேண்டும்.

சுவரின் நிழல் எங்கே முடிகிறது என்று வெறும் கண்ணால் தேடினால் நாலு பேர் நாலு இடம் சொல்வார்கள். நூல் எங்கே மறைகிறது என்று கேட்டால் நாலு பேரும் ஏறக்குறைய ஒரே இடத்தைக் காட்டுவார்கள். இந்த யந்திரங்களை நெடுங்காலம் அளந்து ஆராய்ந்த பேராசிரியர் விரேந்திர நாத் சர்மா இந்த முறையில் பெரிய சாம்ராட்டில் சில விநாடிக்குள் ஒத்துப்போகிற அளவுகள் எடுத்துக் காட்டியிருக்கிறார். அப்படியானால் 2 விநாடிக் கட்டம் கீறியவர்கள் தங்கள் கை எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்தே கீறியிருக்கிறார்கள்.

நான் செய்து பார்த்தது பக்கத்தில் இருக்கும் சிறிய சாம்ராட்டில். அதில் கட்டம் 20 விநாடி, மங்கல் ஒன்றரை விரல் அகலம். சட்டைப்பையில் நூல் கொண்டு போயிருந்தேன். காற்றில் நூல் அதிர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்கையைக் கல்லில் ஊன்றியதும் அடங்கிவிட்டது. கோடு வெளிறி, நடுவில் ஒரு சாம்பல் கீற்றாகி, அப்புறம் இல்லாமல் போன அந்த நொடியில் என் பேத்தி ‘போச்சு’ என்று கத்தினாள். அவள் விரல் வைத்த கட்டமும் நான் மனதில் குறித்த கட்டமும் ஒன்றே.

2023 டிசம்பர் 18

நேற்றைய குறிப்பில் விட்டுப்போன ஒன்று. நூல் மறையும் இடம் சூரியனின் மையத்துக்கு உரிய இடம் அல்ல. அங்கிருந்து பார்த்தால் சூரியத் தட்டின் கடைசி ஓரம் மட்டும் சுவருக்கு மேல் தெரியும். ஆக நாம் பிடிப்பது ஓரத்தை. மையத்துக்கு வர அரைச் சூரியன், அதாவது 1 நிமிடத்துக்குச் சற்று மேல், கணக்கில் சேர்க்கவேண்டும்.

சர்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. தியோடலைட்டில் சூரியனின் மையத்தை யாரும் குறி பார்ப்பதில்லை. ஒரு முறை இடது ஓரம், ஒரு முறை வலது ஓரம் என்று பிடித்துச் சராசரி எடுப்போம். 300 வருடத்துக்கு முன் ஜெய்ப்பூரில் நின்றவர்களும் மையத்தைத் தேடாமல் ஓரத்தைத் தேடியிருப்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

2023 டிசம்பர் 26

எல்லோரும் சாம்ராட்டின் வெளியே நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு உள்ளே இருப்பதுதான் எனக்கு மிகப் பிடித்தது. கால்வட்டங்களைத் தாங்கும் கட்டடத்துக்குள் இருட்டறைகள் இருக்கின்றன. பெயர் ஷஷ்டாம்ச யந்திரம். கூரையில் சிறு துளை. உச்சிப்பொழுதில் அதன் வழியே சூரிய பிம்பம் உள்ளே 60 பாகை வில்லில் வந்து விழும். வில்லின் ஆரம் 8 மீட்டருக்கு மேல், ஆகையால் பிம்பம் உள்ளங்கை அளவு.

இங்கே மங்கல் பிரச்சினையே இல்லை. புறநிழலோடு போராடுவதற்குப் பதிலாகச் சூரியத் தட்டையே முழு வட்டமாக வில்லில் இறக்கிவிட்டார்கள். மேல் ஓரம், கீழ் ஓரம் இரண்டையும் படித்தால் மையமும் கிடைக்கும், சூரியனின் விட்டமும் கிடைக்கும். தெளிவான நாளில் பெரிய சூரியப் புள்ளிகூடத் தெரியும். பூமி அச்சின் சாய்வு 23 பாகை 28 கலை என்று ஜெய்சிங்கின் நூல் தருகிறது. இன்றைய கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் அந்தக் காலத்துக்குச் சரியாக 23 பாகை 28 கலையும் கொஞ்சமும் வருகிறது. பிழை அரைக் கலை!

வெளியே நிற்கும் பிரமாண்டத்தைவிட இந்த இருட்டறை உயர்ந்த கருவி என்பது என் முடிவு. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

2024 ஜனவரி 3

சண்டைக்கு வந்தவர், ‘இருட்டறை யோசனை ஜெய்சிங்குடையது இல்லையே’ என்கிறார். ஆமாம், இல்லை. அது அரச சபைகள் வழியாகக் கைமாறி வந்தது. இன்றைய தெஹ்ரான் அருகே ரேய் நகரத்தில் 994-ல் வானியலாளர் அல்-குஜந்தி தன் அரசர் ஃபக்ர் அல்-தவ்லாவுக்காக இதே மாதிரி, ஆரம் 20 மீட்டர் அளவில், கட்டினார். யந்திரத்துக்கே அரசர் பெயர்தான். அதன் பிறகு 15-ஆம் நூற்றாண்டில் சமர்கண்டில் உலுக் பேக், ஆரம் 40 மீட்டர். அதன் அடிப்பகுதியை 1908-ல் தோண்டி எடுத்தார்கள், இப்போதும் பார்க்கலாம்.

அல்-குஜந்தி கதையைக் கட்டாயம் சொல்லவேண்டும். அவருக்குக் கிடைத்த அச்சுச் சாய்வு ஏறக்குறைய 2 கலை குறைவாக வந்தது. அவ்வளவு பெரிய கருவியில் அது பெரிய பிழை. காரணத்தை அந்தக் காலத்து அறிஞர் அல்-பிரூனி எழுதி வைத்திருக்கிறார்: கட்டடத்தின் எடை தாங்காமல் துளை இருந்த இடம் ஒரு சாண் அளவு கீழே இறங்கிவிட்டது. இதை அல்-குஜந்தியே அவரிடம் சொல்லியிருக்கிறார்.

கல் அசையாது என்று ஜெய்சிங் சொன்னதற்கு இது பதில். கல்லும் இறங்கும். உயரம் அளக்க நாங்கள் ஆதாரமாக நடும் பெஞ்ச் மார்க் தூண்களே சில வருடத்தில் மண்ணில் அமிழ்ந்து அளவைக் கெடுக்கும். அசையும் பாகம் இல்லாத கருவியில் தேய்மானம் இருக்காது, ஆனால் அஸ்திவாரம் கருவியின் பாகமாகிவிடும். டெல்லி சாம்ராட் பாதி பள்ளத்தில் இருக்கிறது, தண்ணீர் ஊறித் தொல்லை கொடுத்தது. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் எழுந்து இப்போது வெயிலும் முழுதாகக் கிடைப்பதில்லை.

2024 ஜனவரி 15

பொங்கல் வாழ்த்து. லீவில் தொலைநோக்கிக் கேள்வியைத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

தொலைநோக்கியால் வியாழனின் நிலாக்களைப் பார்ப்பது வேறு, அதைக் கோணம் அளக்கும் வட்டத்தில் பூட்டி நடுவில் மெல்லிய இழை வைத்துக் குறி பார்ப்பது வேறு. இரண்டாவதை ஐரோப்பாவில் 1660-களிலிருந்து செய்தார்கள். இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் 1725-ல் அதன் தலைவர் ஹாலிக்காக 8 அடி ஆரத்தில் ஒரு சுவர்க் கால்வட்டம் வைத்தார்கள், தொலைநோக்கி பூட்டியது. சூரியனுக்கு ஜெய்ப்பூர் ஈடு கொடுக்கும். நட்சத்திரத்துக்கு முடியாது. நட்சத்திரம் நிழல் போடாது. சாம்ராட்டில் ராத்திரி ஒருவர் விளிம்போரமாகக் கண்ணை வைத்து வெறும் கண்ணால்தான் பார்க்கவேண்டும். கண்ணின் எல்லை ஒரு கலை. கட்டம் எவ்வளவு நுண்ணியதானாலும் கண் அதைத் தாண்டாது.

ஆகவே உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். கல்லில் கட்டியது தவறில்லை. அந்தக் கல் வட்டத்தில் இழை வைத்த தொலைநோக்கி ஏறவில்லை என்பதுதான் இழப்பு. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இரண்டு பாதியும் ஒரே அரண்மனையில் இருந்திருக்கின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு. 1727-ல் ஜெய்சிங், இயேசு சபைப் பாதிரியார் மானுவல் த ஃபிகரேதோவையும் தன் ஆட்களையும் போர்ச்சுகலுக்கு அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த புத்தகங்களில் பிரெஞ்சு வானியலாளர் லா ஹீரின் அட்டவணை இருந்தது. அதைத் தன் யந்திரங்களோடு ஒப்பிட்டபோது சந்திரன் நிலை அரை பாகை தவறு, கிரகண நேரம் கால் நாழிகை முன்பின் என்று கண்டார். கால் நாழிகை 6 நிமிடம். ஐரோப்பாவின் அச்சிட்ட புத்தகத்தில் தவறு கண்டுபிடிக்கிற அளவுக்குத் தன் அளவீட்டில் நம்பிக்கை இருந்தது அவருக்கு.

2024 ஜனவரி 16

மதுரைக்காரர் ஒருவர், ‘நம்ம ஊரில் சாம்ராட் கட்டினால் எப்படி இருக்கும்’ என்கிறார். மதுரையின் அட்சரேகை 10 பாகைக்குச் சற்றுக் கீழே. சுவர் கிட்டத்தட்டப் படுத்துவிடும்! அதே நீளச் சுவருக்கு ஜெய்ப்பூரில் கிடைக்கும் உயரத்தில் பாதிகூட வராது. அளவு எடுக்கத் தடை இல்லை, பார்க்கத்தான் சாதுவாக இருக்கும்.

2024 பிப்ரவரி 4

‘அவ்வளவு நல்ல கருவி என்றால் ஏன் நின்றுபோனது?’ இந்த இழையின் நல்ல கேள்வி இதுதான்.

யந்திரம் நிற்கவில்லை. ஆட்கள் நின்றார்கள். ஜெய்சிங் சபையில் ஜகந்நாத சாம்ராட் இருந்தார். தாலமியின் வானியல் நூலையும் யூக்ளிடின் வடிவியல் நூலையும் அரபியிலிருந்து சமஸ்கிருதத்தில் கொண்டுவந்தவர். வானியலாளர் கேவலராம் இருந்தார். பாரசீகம் அறிந்த முஸ்லிம் வானியலாளர்கள் இருந்தார்கள். 1734-ல் வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த சந்தர்நகோரிலிருந்து பூதியே, போன்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் வந்தார்கள். இத்தனை பேரையும் ஓரிடத்தில் சேர்த்தது ஒரே மனிதரின் ஆர்வமும் கஜானாவும். 1743-ல் அவர் போனார். பின்னாலேயே மகன்களுக்குள் அரியணைச் சண்டை. நூலைப் பிடிக்கிற கைக்கு வேலை இல்லாமல் போனது.

கல்லுக்குச் செலவழித்ததுபோல் பள்ளிக்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கவேண்டும், தனக்குப் பிறகும் சம்பளம் வரும்படி. கிரீனிச்சில் ஃபிளாம்ஸ்டீடுக்குப் பிறகு ஹாலி, ஹாலிக்குப் பிறகு பிராட்லி என்று பதவி தொடர்ந்தது. ஆள் மாறினாலும் நோட்டுப்புத்தகம் நிற்கவில்லை. அளவையில் தொடர்ச்சிதான் பாதி வேலை.

1901-ல் லெஃப்டினன்ட் காரெட் பழுது பார்க்க வந்தபோது அவருக்கு உதவியவர்களில் ஒருவர் சந்திரதர் சர்மா குலேரி. பிற்பாடு இந்திச் சிறுகதையில் பெரும்பெயர் பெற்றவர். அப்போது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. கீறல்களைத் திரும்பக் கணக்கிட்டுப் போடுவது சாதாரண வேலையா? இன்று நாம் நின்று படிக்கிற அளவுகோல்களில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது.

2024 ஜூலை 21

இன்று குரு பூர்ணிமா. ஜெய்ப்பூரில் இந்த நாளில் ஜோதிடர்கள் சாம்ராட்டின் உச்சிக்கு ஏறிக் கொடி பிடித்துக் காற்றின் திசை பார்த்து மழை எப்படி என்று சொல்வார்கள். மூடநம்பிக்கை என்று ஒருவர் திட்டி எழுதியிருக்கிறார். மழைக்கணிப்பாக அதை நான் நம்பவில்லை. ஆனால் அந்தப் படிக்கட்டில் வேலையாக ஏறுகிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தோஷம். 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு மற்ற எல்லோரும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள்தான்.

2024 அக்டோபர் 27

அடுத்த வாரம் ஜெய்ப்பூர் போகிற தம்பிக்கு. நிழல் காட்டும் நேரமும் உங்கள் போன் காட்டும் நேரமும் ஒன்றாக இருக்காது. யந்திரம் காட்டுவது ஜெய்ப்பூரின் சூரிய நேரம். நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகை தீர்க்கரேகையில், ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே 75.8-ல் இருக்கிறது. அதற்கு 27 நிமிடம் கூட்டவேண்டும். அதோடு சூரியனே வருடம் முழுவதும் சீராக ஓடுவதில்லை. நவம்பர் முதல் வாரத்தில் 16 நிமிடம் முந்தி நிற்கும், அதைக் கழியுங்கள். ஆக யந்திரத்தில் 12 ஆகும்போது போனில் 12.11 அளவில் இருக்கும். இதையே பிப்ரவரி நடுவில் பார்த்தால் 12.41 ஆகிவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் 27 மட்டும் போதும்.

நிழல் சுவரடிக்கு வருவதற்கு அரைமணி முன்பே போய் நில்லுங்கள், கூட்டம் சேர்ந்துவிட்டால் அளவுகோல் தெரியாது. நூல் வெள்ளையாக வேண்டாம், கறுப்பு தையல் நூல் எடுத்துப்போங்கள்; மங்கலுக்குள் வெள்ளை நூல் பளிச்சென்று தெரிந்து கண்ணை ஏமாற்றும். அளவு எடுத்தால் கட்டத்தோடு இங்கே பதியுங்கள், கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.